நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு அர்ச்சனை

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் போகும் பஸ் எதுவென்று மேடம் மூன்று பேரிடம் கேட்பார். மூன்று பேரும் தள்ளித்தள்ளி நிற்க வேண்டும். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழுந்திருந்தால் அந்தப் பதில் செல்லாது; நான்காவதாக ஓர் ஆளைத் தேடிப் போவார். இத்தனைக்கும் பஸ்ஸின் நெற்றியில் காஞ்சிபுரம் என்று எழுதியிருக்கும். "போர்டு மாத்த மறந்திருக்கலாம் இல்லையா" என்பார். நானறிய ஒரே ஒருமுறை உண்மையிலேயே போர்டு மாற்ற மறந்திருந்தார்கள். அன்றைக்கு மூன்று பேரும் போர்டைப் படித்தே பதில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் வந்தவாசியில் போய் இறங்கினோம். அவர் வருத்தப்படவில்லை. "மூணு பேர் போதாது போலிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவர் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்த வித்தியாசம் ஊருக்குப் புரியவில்லை. டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று தெரிந்த முதல் வாரம் இருமலும் சிரங்கும் பல்வலியுமாக வாசலில் ஒரு வரிசை நின்றது. "நான் மருந்து குடுக்குற டாக்டர் இல்லைங்க. மருந்து ஆகுமான்னு பார்க்குற டாக்டர்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

"பாத்துட்டே குடு. நாங்க ஒக்காந்துகினு கீறோம்" என்றாள் ஓர் அம்மாள். சாயங்காலம்வரை உட்கார்ந்துதான் இருந்தாள்.

அது எழுபதுகளின் கடைசி. யானைக்கால் நோய்க்குப் புதிய மருந்து தேடுவதற்காகச் சென்னையிலிருந்த ஓர் ஆய்வுக்கூடம் எங்கள் ஊரில் கிளை போட்டிருந்தது. கிளை என்றால் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீடு, அதற்குள் மேடம், நான், இரண்டு அறை நிறையக் கண்ணாடிச் சாமான்கள். நான் காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். தற்காலிக உதவியாளர் என்று ஆர்டர் கொடுத்திருந்தார்கள். என் அம்மா அக்கம்பக்கத்தில் என் வேலையைப் பெருமையாகவே சொல்லி வந்தாள்: "எம்புள்ள புளு ஆபீசுல கீறான்."

யானைக்காலைக் கொண்டுவருவது நூல் போன்ற ஒரு புழு. கொசு வழியாக உடம்புக்குள் போய், தாய்ப்புழு உள்ளேயே வருடக்கணக்கில் குடியிருந்துகொண்டு குட்டி போட்டபடி இருக்கும். அப்போது கிடைத்த மாத்திரை ரத்தத்தில் திரிகிற குட்டிகளைக் கொன்றது. தாய் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. தாயைக் கொல்லும் ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும் என்பதுதான் மேடத்துக்கு இடப்பட்ட வேலை.

இதை அவர் எங்கள் வீட்டுக்காரருக்கு விளக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்காரர் என்றால் அந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர். அறுபது வயது. நெல்லும் கரும்பும் போடுகிறவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே உரல் மாதிரி வீங்கியிருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப கீற மாத்திர, மாமியார வுட்டுட்டுக் கொயந்தைங்கள அடிக்கிற மாத்திர."

"அதேதான்" என்றார் மேடம். அந்த வாக்கியத்தைப் பிறகு தன்னுடைய அறிக்கை ஒன்றில் சேர்க்கலாமா என்று யோசித்ததும் எனக்குத் தெரியும்.

வீட்டை ஆய்வுக்கூடத்துக்கு விட்டதே அந்தக் காலுக்காகத்தான். மருந்து தன் கூரைக்குக் கீழே பிறந்தால் முதல் மாத்திரை தனக்கு என்று அவர் முடிவு செய்திருந்தார். தினமும் காலை நாஷ்டா முடித்ததும் வருவார்.

"இன்னா டாக்டரம்மா, வந்துச்சா?"

"இன்னும் இல்லைங்க. வந்தாலும் முதல்ல எலிக்கு. அப்புறம் குரங்குக்கு. அப்புறம்தான் மனுஷருக்கு."

"எலிக்கும் கொரங்குக்கும் இன்னா அவசரம்? அதுங்களுக்குக் காலு நல்லாத்தானே கீது."

"உங்க கால் பழையபடி மெலியும்னும் நான் சொல்லலை. இதுக்கு மேல வீங்காம நிக்கலாம். நிக்கலாம்னுதான் சொல்றேன்."

"அது போதும் எனுக்கு" என்று எழுந்து போவார். மறுநாள் இதே பேச்சு முதலிலிருந்து தொடங்கும்.

மனிதனுக்குள் இருக்கும் புழுவை வெளியே எடுத்து வளர்க்க முடியாது. ஆனால் அதற்கு உறவுக்காரப் புழு ஒன்று எருமையின் வயிற்றுக்குள் இருக்கிறது. வெள்ளையாக, ஒரு விரல் நீளத்துக்கு. வாரத்தில் இரண்டு நாள் காஞ்சிபுரத்தில் எருமைக்கறி போடும் இடத்துக்கு நாங்கள் பிளாஸ்க்கோடு போவோம். "ஊரே கறிக்கு நிக்கிது. நீங்க ரெண்டு பேர்தான் புளுவுக்கு நிக்கிறீங்க" என்பார் கடைக்கார பாய். நல்ல புழுவாகப் பார்த்துப் பொறுக்கியும் கொடுப்பார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டால் ஊர் வரும்வரை உயிரோடு இருக்கும்.

ஒருநாள் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்: "யம்மா, பிளாஸ்க்குல வென்னி கீதா? கொயந்தைக்கு ரெண்டு சொட்டு வோணும்."

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்றிருப்பார்கள். மேடம், "வெந்நீர் இருக்கும்மா. ஆனா உப்புப் போட்டிருக்கு. உள்ளே முப்பத்திரண்டு புழுவும் இருக்கு" என்றார்.

"குடுக்க மனசில்லன்னா இல்லேன்னு சொல்லு. அதுக்கு எதுக்குப் புளு கத?"

மேடம் மூடியைத் திறந்து காட்டினார். மாகறல் தாண்டும்வரை எங்களுக்கு முன்னால் இரண்டு வரிசையும் பின்னால் இரண்டு வரிசையும் காலியாகவே வந்தன. "வசதியா இருக்கு" என்று அவர் காலை நீட்டிக்கொண்டு, டிக்கெட்டின் பின்பக்கம் படம் போட ஆரம்பித்தார்.

அவர் போடுவது எப்போதும் ஒரே படம். ஆறு மூலை உள்ள ஒரு வளையம். அதற்கு ஒரு தலை, ஒரு வால். தலை புழுவைப் பிடிக்க. வால் புழுவின் தோலைத் தாண்டி உள்ளே நுழைய. வால் நீண்டால் தண்ணீரில் கரையாது, குறைந்தால் தோலைத் தாண்டாது. ஆகவே ஒவ்வொரு முறையும் வாலைக் கொஞ்சம் கூட்டுவார், குறைப்பார், நடுவில் ஒரு கிளை வைப்பார். படத்தில் ஒரு நொடியில் முடிகிற அந்த மாற்றத்தைக் காய்ச்சி, வடித்து, பொடியாகக் கையில் எடுப்பதற்கு எங்களுக்கு நாலைந்து வாரமாகும். பொடிக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தைத் தொட்டு இலையில் படம் போட்டுக்கொண்டிருந்தார். பரிமாறியவர் பாயசத்தை வால் மேல் ஊற்றிவிட்டார். "ஆமா, அங்க கொஞ்சம் கனம் வேணும்தான்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். முப்பத்தேழாம் எண் அப்படிப் பிறந்தது.

பொடியைக் கரைத்து, புழு நீந்தும் கண்ணாடித் தட்டில் விட்டு, மணிக்கணக்கில் லென்ஸ் வழியாகப் பார்ப்போம். புழுவின் ஆட்டத்துக்குப் பதிவேட்டில் நான்கு சொற்கள் வைத்திருந்தோம். நன்று, சுமார், சோம்பல், அடங்கியது. நாற்பது எண்கள்வரை நான் அநேகமாக 'நன்று' என்றே எழுதிவந்தேன். விஷயம் தெரியாதவர்கள் புரட்டிப் பார்த்தால் வெகு சிறப்பாக நடக்கிற ஓர் அலுவலகம் என்று நினைத்திருப்பார்கள்.

எப்போதாவது ஒரு புழு சோம்பினால் நான் நிமிர்ந்து மேடம் முகத்தைப் பார்ப்பேன். அவர், "எங்கே, இன்னொரு தடவை" என்பார். இன்னொரு தடவையில் அது சுறுசுறுப்பாகிவிடும்.

இந்த 'இன்னொரு தடவை' ஆய்வகத்தோடு நின்றிருந்தால் ஊரில் யாருக்கும் மனஸ்தாபம் வந்திராது. வீட்டுக்காரருக்குத் தன் கிணற்றுத் தண்ணீர் மேல் மிகுந்த பெருமை. சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு தண்ணீர் கிடையாது, கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஒருநாள் மேடத்திடம் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது.

மேடம் என்னிடம் மூன்று டம்ளர் கொடுத்து, அடியில் எண் எழுதி, கதவுக்குப் பின்னால் நின்று ஊற்றச் சொன்னார். ஒன்றில் அவர் கிணறு, ஒன்றில் கோயில் கிணறு, ஒன்றில் தெருமுனை அடிபம்பு. எதில் எதுவென்று தனக்கும் தெரியக்கூடாது என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்காரர் குடித்துப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டி, ஒரு டம்ளரைத் தூக்கிக் காட்டினார். "இத்தாம்மா அமிர்தம். இது எங்க கெணறு."

அது அடிபம்பு.

"எங்கே, இன்னொரு தடவை" என்றார் மேடம்.

மூன்று தடவையும் அவர் அடிபம்பையே தேர்ந்தெடுத்தார். "இன்னாப்பா, டம்ளர நல்லாக் கயுவினியா?" என்று என்னைத்தான் கேட்டார். நான்கு நாள் எங்கள் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, வேறு பேச்சில்லாமல், "வந்துச்சா?" என்றார்.

அந்த வருடம் புரட்டாசியில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று வருடமாக ஓர் எண்ணும் தேறவில்லை, மூன்று பேர் கொண்ட குழு நேரில் வந்து பார்க்கும், நம்பிக்கை தரும்படி ஒன்றும் இல்லையென்றால் கிளை மூடப்படும் என்று எழுதியிருந்தது. மேடம் அதை வீட்டுக்காரரிடமும் மறைக்கவில்லை.

"மூடிட்டா வேற எங்கயாச்சும் போய்ச் செய்வீங்களா?"

"என்னை வேற வேலைக்கு மாத்திடுவாங்க. தாய்ப்புழுவுக்கு மருந்து தேடுற இடம் எனக்குத் தெரிஞ்சு வேற எங்கயும் இல்லைங்க. காசு இருக்குற ஊர்ல இந்த நோய் இல்லை."

வீட்டுக்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். "அப்ப சீக்கிரம் ஆவட்டும்" என்றார்.

நாற்பத்தொன்றாம் எண் அந்த நேரத்தில்தான் தயாரானது. இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பொடி. சோதனைக்குமுன் மேடம் இரண்டு நாள் வேலையாகச் சென்னை போனார். நடுவில் ஆயுதபூசை.

எங்கள் வீட்டில் ஆயுதபூசை என்றால் ஏரும் மண்வெட்டியும் இறவைப் பம்புசெட்டும். நான் படித்து வந்து உட்கார்ந்த இடத்தின் ஆயுதங்கள் வேறு. அவற்றைப் பொட்டில்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தராசு, வெப்பப் பெட்டி, லென்ஸ், பிளாஸ்க் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். குங்குமம் என் அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்தது. நாற்பத்தொன்று நல்லபடி தேற வேண்டுமே என்று, அதற்கென எடுத்து வைத்திருந்த நான்கு கண்ணாடித் தட்டுகளுக்குத் தாராளமாகவே வைத்தேன். உள்ளே வைத்தால் தப்பு என்று எனக்குத் தெரியும். படித்தவன். அடிப்பக்கத்தில்தான் வைத்தேன். பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

மேடம் வருவதற்குமுன் எல்லாப் பொட்டையும் துணியால் துடைத்துவிட்டேன்.

சோதனை அன்று பதினோரு நிமிடத்தில் நான்கு தட்டிலும் புழுக்கள் அடங்கின. மருந்து விடாத தட்டுகளில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தன. முதல்முறையாக 'அடங்கியது' என்று எழுதினேன். நான்கு முறை எழுதினேன். மூன்றாவது மட்டும் கோணலாக விழுந்தது.

"எங்கே, இன்னொரு தடவை" என்றார் மேடம். ஆனால் புழு தீர்ந்துபோயிருந்தது. பாயிடம் மறுபடி போக இரண்டு நாள் ஆகும்.

அந்த இரண்டு நாளை நான் ஒழுங்காகக் கழிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சென்னைக்கு வாராந்திரக் கடிதம் டைப் அடித்து அனுப்புவது என் வேலை. வழக்கம்போல அடித்து, பதினோரு நிமிடத்தையும் சேர்த்து, மேடத்திடம் காட்டாமலேயே தபாலில் போட்டுவிட்டேன். போகும் வழியில் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு ஒரு தூக்கு நிறைய லட்டோடு வந்து, முக்காலி ஒன்றை இழுத்துப்போட்டுக் காலை அதன்மேல் தூக்கி வைத்தார்.

"எங்க, போடு."

"எதைங்க?"

"நாப்பத்தொண்ண."

"முதல்ல எலிக்குன்னு சொன்னேன் இல்லைங்களா."

"எலிய இட்டாரச் சொல்லவா? எங்க நெல்லு ரூம்புல எம்மாம் வோணும்?"

அவரைக் கிளப்பி அனுப்ப மத்தியானமாகிவிட்டது. மறுநாள் சென்னையிலிருந்து தந்தி வந்தது. மகிழ்ச்சி, வியாழக்கிழமை குழு வருகிறது என்று. மேடம் தந்தியை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

இரண்டாம் தடவை: நன்று. மூன்றாம் தடவை: நன்று. தட்டுகளை நடுவில் கொதிக்கவைத்துக் கழுவியிருந்தோம். நாற்பத்தொன்றில் புழுக்கள் குளத்தில் விட்ட மாதிரி நீந்தின.

"அன்னிக்கு எது வேற மாதிரி இருந்தது?" என்று மேடம் ஒரு தாளில் வரிசையாக எழுதத் தொடங்கினார். தண்ணீர், உப்பு, சூடு, எருமை. "எருமைக்கு வயசாயிருக்குமோ?" என்றார். பாயிடம் எருமையின் வயதைக் கேட்டு ஆளனுப்பலாமா என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நான் சும்மா இருந்தால் முதல் கடிதம் சொன்னதே நிலைக்கும். கிளை பிழைக்கும். என் வேலையும் பிழைக்கும். எல்லாம் தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

"மேடம், ஆயுதபூசைக்கு நான் அந்தத் தட்டுங்களுக்குப் பொட்டு வெச்சேன். அடியில. அப்புறம் அடுக்கிட்டேன். மேல் தட்டோட பொட்டு கீழ்த் தட்டுக்குள்ள உதிர்ந்திருக்கும்."

"மேலே இருந்த தட்டு?"

"அதுக்கும் அடியிலதான் பொட்டு வெச்சேன். ஆனா எடுக்கும்போது உள்ள விரல் பட்டிருக்கும். கை முழுக்கக் குங்குமம்."

அவர் எழுந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "எந்த விரல்?" என்றார்.

மோதிர விரல் என்றேன். எழுதிக்கொண்டார். எத்தனை பொட்டு, சந்தனம் முதலிலா குங்குமம் முதலிலா, கற்பூரம் காட்டினாயா, எவ்வளவு தூரத்தில் என்று ஒரு பக்கம் எழுதினார். நாற்பத்தொன்று அடங்கியபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "எங்கே, அப்படியே இன்னொரு தடவை பண்ணு" என்றார்.

அப்படித்தான் ஐப்பசி மாதத்தில் எங்கள் ஆய்வகத்தில் மறுபடியும் ஆயுதபூசை நடந்தது. மூன்று முறை. முதல் இரண்டையும் நானே செய்தேன். மூன்றாவதைப் பூசை தெரிந்த ஆள் செய்தால்தான் கணக்கில் சேரும் என்று மேடம் நினைத்தார். பக்கத்துக் கோயில் குருக்களை வரவழைத்தோம். ஒரு தட்டுக்குக் குங்குமமும் பூசையும். ஒன்றுக்குப் பூசை இல்லாமல் வெறும் குங்குமம். ஒன்றுக்குக் குங்குமம் இல்லாமல் வெறும் பூசை. ஒன்றுக்கு எதுவும் கிடையாது. எது எதென்று குருக்களுக்குத் தெரியக்கூடாது என்பதால் பூசைக்கு உரிய இரண்டை மட்டும் துணி போட்டு மூடி அவர் முன்னால் வைத்திருந்தோம்.

"யாருக்குன்னு தெரியாம எப்படிம்மா அர்ச்சனை பண்றது? பேர், நட்சத்திரம் ஏதாவது சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

"பேர் கிடையாது சாமி. எண்தான். நாற்பத்தொண்ணு."

குருக்கள் ஒரு கணம் யோசித்தார். நல்ல மனிதர். "நாற்பத்தொண்ணு நாமதேயஸ்ய" என்று ஆரம்பித்துவிட்டார்.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜீப் வந்து நின்றது. குழு இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டது. மூன்று அதிகாரிகளும் உள்ளே பார்த்தார்கள், வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள், தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பின்னாலேயே மாலையோடு வந்த வீட்டுக்காரரும் ஒற்றிக்கொண்டார். "நல்ல நாள்லதான் வந்திருக்கோம்" என்றார் குழுத் தலைவர்.

மேடம் அவர்களை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். குங்குமம் விழுந்த தட்டில் மட்டும்தான் புழு சாகிறது, பூசை மட்டும் செய்த தட்டில் சாகவில்லை, நாற்பத்தொன்று எதுவும் செய்யவில்லை. குருக்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.

தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "மேடம், நான் மேலே சொல்லிட்டேன். எல்லாருக்கும் ரொம்பச் சந்தோஷம். அந்தக் குங்கும விஷயத்தை மட்டும் விட்டுடுங்களேன். ஒரு வரிதானே. கிளை ஓடட்டும். பையனையும் நிரந்தரம் பண்ணிடலாம்."

"அந்த ஒரு வரியை எடுத்துட்டா மிச்சம் மூணு பக்கமும் பொய்யாயிடும் சார்."

தலைவர் நல்ல மனசுக்காரர். வேறு வழியும் பார்த்தார். "சரி, அப்ப குங்குமத்தையே எடுத்துப்போம். நாட்டு மருந்துன்னு ஒரு திட்டம் எழுதிக் குடுங்க. மூணு வருஷம் நீட்டிச்சுத் தர்றேன்."

"அதையும் பிரிச்சுப் பார்த்துட்டேன் சார். மஞ்சள் இல்லை. சுண்ணாம்பு. சுண்ணாம்புத் தண்ணியில போட்டா புழு சாகும். நானும் சாவேன்."

அதிகாரிகள் மூவரும் கல்வெட்டுக் கோயிலைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனார்கள். அவர்கள் போன பிறகும் வீட்டுக்காரர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சுண்ணாம்புன்னா, வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பா?"

"அதேதாங்க."

"அத்தத்தானே நாப்பது வருசமாத் துன்னுகினு கீறேன்" என்றார். சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் அங்கேயே நின்றார். "சரி, நாப்பத்திரெண்டு எப்போ?"

மேடம் ஒரு தாளை எடுத்து வளையத்தைப் போட்டார்.

மாதக் கடைசியோடு மூட உத்தரவு வந்தது. நாற்பத்திரண்டு பாதி காய்ச்சிய நிலையில் இருந்தது. உத்தரவில் நாள் குறித்திருந்தபடி நான் பதிவேடுகளைக் கட்டிச் சென்னைக்கு அனுப்பினேன். மேடம் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்காரர் சாவியை மடியில் செருகிக்கொண்டு, அதே கையால் எடுத்துக் கதவைத் திறந்தார்.

"இப்ப வூடு என்னுது. யாரு கேக்கறது? நீ முடிச்சுட்டுப் போம்மா."

அரசாங்கக் கணக்கில் இல்லாத ஆய்வகத்தில் நாங்கள் ஒன்பது நாள் வேலை செய்தோம். சாப்பாடு வீட்டுக்காரர் வீட்டிலிருந்து வந்தது. மேடம் புது வேலையில் சேர வேண்டிய நாள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பத்தாம் நாள் நாற்பத்திரண்டைக் கரைத்து நான்கு தட்டில் விட்டோம். வீட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம். சாயங்காலம் மேடம் லென்ஸிலிருந்து தலையை எடுத்தார்.

"இல்லைங்க. சாகலை."

"எத்தினி வாட்டி பாத்த?"

"ஒரு தடவைதான்."

வீட்டுக்காரர் இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "மூணு வருசமாப் பாத்துகினுதான் கீறேன் டாக்டரம்மா. நல்லதுன்னா மூணு வாட்டி பாக்கற. கெட்டது வந்தா ஒரு வாட்டியோட நம்பிடற. இன்னா நாயம் இது?"

மேடம் அவரையே பார்த்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நாற்பத்தொரு எண்கள். பெரும்பாலானவற்றை ஒரே சாயங்காலத்தில் தள்ளிவைத்திருந்தோம். அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியாது. எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினார். நான் கழுவுகிறேன் என்று போனதற்கு, வேண்டாம் என்றார்.

மறுநாள் பாயிடம் போனோம். இரண்டாம் தடவை பார்த்தோம். அதற்கு மூன்றாம் நாள் மறுபடி போய், மூன்றாம் தடவையும் பார்த்தோம். இந்த முறை மேடம் வீட்டுக்காரரையும் லென்ஸில் கண்ணை வைக்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். தன் காலைக் கெடுத்த புழுவின் உறவுக்காரர்களை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். நான்கு தட்டிலும் அவை வளைந்தும் நெளிந்தும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டும் ஆடின. பதிவேடு சென்னைக்குப் போய்விட்டதால் நான் எங்கும் எழுதவில்லை.

"இல்லைங்க" என்றார் மேடம். அந்தச் சொல்லை அவர் தினமும் காலையில் சொல்லிப் பழகியவர். அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டுப் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினார்.

வீட்டுக்காரர் லென்ஸிலிருந்து நிமிர்ந்தார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா" என்றார். "இப்ப ஒத்துக்கறேன்."